அரைத்தாளின் தலைப்பக்கம்

ஓர் ஆய்வுகூடத்தின் கெலிஓயா கவுண்டரில் ரிப்போர்ட் தலைகீழாக வருகிறது என்று திங்கட்கிழமை காலை புகார் வந்தது. றிப்தா அதே ரிப்போர்ட்டைத் தன் கணினியில் திறந்து பார்த்தாள். நேராக இருந்தது. பக்கத்து மேசையிலிருந்த பிரிண்டரில் அச்சிட்டாள். அதுவும் நேராகவே வந்தது.

மடவளையில் பள்ளிவாசலுக்குப் பின்புறமுள்ள தன் வீட்டின் மேல்மாடி அறைதான் அவளுடைய அலுவலகம். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் அலுவலகங்களுக்கென்று லினக்ஸ் இயங்குதளத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது. வாங்குகிறவர்களுக்கு அது கொடுக்கும் முதல் வாக்குறுதி, பத்து வருடத்துக்கு எதுவும் மாறாது என்பது. இன்றைக்கு அழுத்துகிற பொத்தான் பத்தாம் வருடமும் அதே இடத்தில் இருக்கும், அதே வேலையைச் செய்யும். ஆனால் அந்த மென்பொருள்களை உண்மையில் எழுதுகிறவர்கள் வேறு வேறு நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிப் புதிய பதிப்பு வெளியிடுவார்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அந்தப் புதிய பதிப்பில்தான். அதிலிருந்து ஓட்டையை அடைக்கும் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, பழைய பதிப்பில் பொருத்தி, வேறெதுவும் மாறவில்லை என்று பரிசோதித்து அனுப்புவது றிப்தாவின் வேலை. ஆவணம் திறப்பது, படம் பார்ப்பது, அச்சிடுவது என்று ஆட்கள் திரையில் தொட்டுப் புழங்கும் மென்பொருள்கள் எல்லாம் அவளுடைய பொறுப்பு.

போன வாரம் அவள் அனுப்பியது ஆவணம் திறக்கும் மென்பொருளுக்கான ஓர் அடைப்பு. மோசமாகத் தயாரித்த ஓர் ஆவணத்தைத் திறந்தால் கணினியே கைமாறிப் போகக்கூடிய ஓட்டை அது. அடைத்து, பரிசோதித்து, அனுப்பிவிட்டு அதை மறந்தும் போயிருந்தாள்.

"நிரஞ்சன், எங்கட பக்கம் சரியா ஈக்கி," என்று தொலைபேசியில் சொன்னாள். "நீங்க அனுப்பின அதே ஃபைல். அதே மொடல் பிரிண்டர். அரைத்தாள். நேராத்தான் வருது."

நிரஞ்சன் அந்த ஆய்வுகூடத்தின் கணினிப் பொறுப்பாளர். இரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் தனியார் ஆய்வுகூடம் அது. கண்டி நகரத்தில் தலைமையகம், சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் சிறுசிறு கவுண்டர்கள். எல்லாக் கவுண்டர் கணினிகளிலும் ஓடுவது றிப்தாவின் நிறுவனத்தின் லினக்ஸ்.

"மிஸ், நீங்க சரியா இருக்குன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் நிரஞ்சன். "ஆனா இங்க ஒரு டொக்டர் ரிப்போர்ட்டையே திருப்பி அனுப்பிட்டாரு. இது லேப்ல குடுத்ததா, வீட்டுல அடிச்சதான்னு கேட்டு. அத எடுத்துட்டுப் போன பெரியவரு கெலிஓயா கவுண்டர்ல வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்காரு. போட்டோ அனுப்புறேன், பாருங்க."

படம் வந்தது. அரைத்தாள், அகலவாக்கில். சீனி அளவு, கொழுப்பு அளவு, நோயாளியின் பெயர் எல்லாம் நேராக இருந்தன. தாளின் அடியில், நீலத்தில், ஆய்வுகூடத்தின் பெயரும் முகவரியும் தலைகீழாக நின்றன.

றிப்தா படத்தைத் திருப்பிப் பார்த்தாள். இப்போது பெயர் நேராகி, சீனி அளவு தலைகீழானது.

முழுப் பக்கமும் கவிழ்ந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். ஒரே பக்கத்தில் எழுத்து ஒருபக்கமும், கோப்பில் படமாக இருக்கும் பெயர் மறுபக்கமும் எப்படிப் போகும்? எழுத்தை வரையும் நிரல் வேறு, படத்தை வரையும் நிரல் வேறு. தன் அடைப்பு இரண்டாவதை மட்டும் எங்கோ தொட்டுவிட்டதோ என்று நினைத்தாள். அன்று பகல் முழுவதும் படம் வரையும் பகுதியைத் தேடினாள். அவள் அதைத் தொட்டிருக்கவேயில்லை.

மறுநாள் கொழும்பிலிருந்து திலீபன் அழைத்தார். அவளுடைய மேலாளர். கோபப்படாமல் கெட்ட செய்தி சொல்லக் கூடியவர்.

"ஓம் றிப்தா, லேப்காரர் எனக்கும் எழுதியிருக்கினம். இன்னொரு ரிப்போர்ட் திரும்பி வந்தால் எல்லாக் கவுண்டரையும் வேற சிஸ்டத்துக்கு மாத்தப் போகினமாம். உங்களுக்குத் தெரியும்தானே, டெஸ்க்டாப்புக்கெண்டு எங்களுக்கு மிச்சமிருக்கிற பெரிய வாடிக்கையாளர் அவைதான்."

"தெரியும்."

"அவை போனால் டெஸ்க்டாப் பெக்கேஜ் எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி மேலிடம் ஏற்கனவே நிக்குது. சேர்வர் மட்டும் போதுமாம். உங்களை நான் விடமாட்டன், சேர்வர் பக்கத்தில இடம் இருக்கு. ஆனால் அது இங்க கொழும்பில, கிழமைக்கு அஞ்சு நாளும்."

இரண்டு மகள்கள் மடவளையில் படிக்கிறார்கள். கணவன் அஸ்ஃபரின் காலணிக் கடை கட்டுகஸ்தோட்டையில். கொழும்பு என்றால் வேலையை விடுவது என்றுதான் அர்த்தம். அது திலீபனுக்கும் தெரியும்.

"இப்பத்திக்கு அந்த அடைப்பைத் திருப்பி எடுங்கோ," என்றார் திலீபன். "பழசு போகட்டும். ஆனால் ஓட்டையோட கனநாள் விடேலாது. வெள்ளிக்கிழமைக்கிடையில அடைப்பும் இருக்கோணும், ரிப்போர்ட்டும் நேரா வரோணும்."

அன்றே பழைய பதிப்பைத் திருப்பி அனுப்பினாள். மாலையில் நிரஞ்சனிடமிருந்து செய்தி வந்தது. கெலிஓயா சரியாகிவிட்டது. றிப்தா எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டாள். அதைக் குடித்து முடிக்குமுன் இரண்டாவது செய்தி வந்தது.

"மிஸ், இப்ப கட்டுகஸ்தோட்டைல தலைகீழா வந்திருக்கு."

படத்தைத் திறந்தாள். அதே அரைத்தாள், அடியில் அதே தலைகீழ் நீலப் பெயர்.

"கட்டுகஸ்தோட்டையில இதுக்கு முந்தி எப்பிடி ஈந்திச்சி?" என்று அழைத்துக் கேட்டாள்.

"ஒரு பிரச்சினையும் இல்லையே மிஸ். போன வாரம் பூரா ஒரு கம்ப்ளெயின்ட் வரல."

"போன வாரம் புதுசு ஈந்திச்சி. புதுசுல கட்டுகஸ்தோட்டை சரி, கெலிஓயா பிழ. பழசுல கெலிஓயா சரி, கட்டுகஸ்தோட்டை பிழ. அப்பிடியா செல்ற?"

"நான் சொல்லல மிஸ். பிரிண்டர் சொல்லுது."

இரண்டு கவுண்டரிலும் ஒரே வகைக் கணினி, ஒரே பிரிண்டர், ஒரே மென்பொருள். றிப்தா இரண்டு இயந்திரங்களின் விவரங்களையும் வரவழைத்து வரிவரியாக ஒப்பிட்டாள். கணினியின் பெயரைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் அஸ்ஃபரிடம் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான்.

"ரெண்டும் ஒரே சாமானெண்டா ஒரே மாதிரித்தானே பழுதாகணும்," என்றான்.

"அதத்தான் நானும் செல்ற."

"அப்ப சாமான்ல பழுதில்ல."

"அப்ப எதுல?"

"அது எனக்கெப்பிடி வெளங்கும்? நான் சப்பாத்து விக்கிற மனிசன்."

புதன்கிழமை மழையோடு விடிந்தது. அறைக்குள் இருந்து இனிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை என்று றிப்தாவுக்குத் தோன்றியது. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கட்டுகஸ்தோட்டைக் கவுண்டர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மருந்துக்கடைக்கு மேல். மாடிப்படி முழுவதும் நனைந்த குடைகள். கவுண்டரில் இருந்த சுகிர்தாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நோயாளியின் பெயரைக் கேட்டபடியே தட்டச்சு செய்து, மறுகையால் பிரிண்டரிலிருந்து தாளை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ், நிரஞ்சன் சார் சொன்னாரு. உக்காருங்க. கூட்டம் குறையட்டும், பேசுவோம்."

கூட்டம் குறையவில்லை. றிப்தா கதிரையில் உட்கார்ந்து, பிரிண்டரிலிருந்து வரும் தாள்களை எட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நேராக இருந்தது. பெயரும் நேர், எண்களும் நேர்.

"நேத்து தலைகீழா வந்ததா சொன்னாங்களே?"

"ஒண்ணுதான் மிஸ். கவனிக்காம குடுத்துட்டேன். அவரு கீழ எறங்கிப் போயிட்டு திரும்ப வந்து, 'என்ன தங்கச்சி, தலகீழா நின்னு படிக்கச் சொல்றியா'ன்னு கேட்டாரு. வேற அடிச்சிக் குடுத்தேன். அப்புறம் சரியாத்தான் வருது."

"நீங்க ஏதும் செஞ்சீங்களா?"

"நான் என்ன மிஸ் செய்றது? கம்ப்யூட்டர்ல ஒண்ணையும் தொடல. தொடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

அது உண்மைதான். கணினியின் பதிவுகளைப் பார்த்தாள். யாரும் எதையும் மாற்றவில்லை. நேற்று ஒரு தாள் தலைகீழாக வந்திருக்கிறது. அதன்பிறகு அதே மென்பொருள், தானாகவே நேராக அச்சிடத் தொடங்கியிருக்கிறது. றிப்தா இந்த வேலைக்கு வந்து எட்டு வருடம். தானாகப் பழுதாகும் மென்பொருளைப் பார்த்திருக்கிறாள். தானாகத் திருந்தும் ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

கண்டியில் இறங்கி, கெலிஓயா வழியாகப் போகும் கம்பளை பஸ்ஸில் ஏறினாள். பேராதனையில் வாகன நெரிசல். கண்ணாடி முழுக்க மழை. தொலைபேசியில் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போனாள். எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. ஒரு கட்டத்தில், வெள்ளிக்கிழமை திலீபனுக்கு என்ன எழுதுவது என்று வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டாள்.

கெலிஓயாக் கவுண்டரில் நிஸாம் இருந்தார். நாற்பது வயது, கவுண்டர் திறந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவர்.

"வாங்க ராத்தா. இப்ப சரி. திங்கக்கிழமை அந்தக் கெழவன் என்னத் தின்னாத குறை."

வயதில் மூத்தவர் தன்னை அக்கா முறையில் ராத்தா என்றது றிப்தாவுக்குச் சிரிப்பை வரவழைத்தது. "சரியா ஈக்கிறதாலதான் வந்த. பிழயாக்கிப் பாக்கணும்," என்றாள். போன வாரத்து அடைப்பை அந்தக் கணினியில் மட்டும் மீண்டும் ஏற்றினாள். "இப்ப ஒரு ரிப்போர்ட் அடிங்க."

நிஸாம் அடித்தார். தாள் வந்தது. எண்கள் நேர், பெயர் அடியில், தலைகீழ்.

"அதேதான்," என்றார் நிஸாம்.

றிப்தா அதை மேசையில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அதனால் எதுவும் விளங்கிவிடவில்லை. "இன்னொண்டு அடிங்க," என்றாள்.

"தாள் முடிஞ்சி. நில்லுங்க, புதுக்கட்டு ஒண்டு உடைக்கிற."

நிஸாம் அலுமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார். காகித உறையைக் கிழித்தார். உள்ளே அரைத்தாள்கள். ஒவ்வொன்றின் தலையிலும், நீலத்தில், ஆய்வுகூடத்தின் பெயரும் முகவரியும்.

றிப்தா எழுந்து நின்றாள்.

"இதுல பேர் ஏற்கனவே அடிச்சீக்கே!"

நிஸாம் அவளை விநோதமாகப் பார்த்தார். "ஓ. பிரஸ்ல அடிச்சித்தான் வாற. எப்பவுமே அப்பிடித்தானே."

அவளுக்கு நிரஞ்சன் அனுப்பிய கோப்பு, நோயாளிகளுக்கு மின்னஞ்சலில் போகும் பிரதி. அதில் பெயர் படமாக உள்ளேயே இருந்தது. கவுண்டரில் அச்சாகும் பிரதியில் பெயர் இல்லை. அது தாளிலேயே இருக்கிறது. இரண்டு நாளாக அவள் மேல்மாடியில் அச்சிட்டுப் பார்த்ததெல்லாம் வெள்ளைத்தாளில். வெள்ளைத்தாளுக்கு மேல் கீழ் இல்லை. எந்தப் பக்கம் திரும்பி அச்சானாலும் கையில் எடுக்கும்போது அது நேராகத்தான் இருக்கும்.

"அந்தக் கட்ட தட்டுல எப்பிடிப் போடுறீங்க, போட்டுக் காட்டுங்க."

நிஸாம் தாள்களை நீளவாக்கில், பெயர் இடப்பக்கம் இருக்கும்படி தட்டில் வைத்தார்.

"ஏன் இடப்பக்கம்?"

"ஏனெண்டா... அப்பிடித்தான் போடுற. தொடக்கத்தில ஒருக்கா மற்றப்பக்கம் போட்டு தலகீழா வந்தீக்கும் போல. இப்ப ஞாபகமில்ல. கண்டியில எனக்குப் பழக்கிக் குடுத்தவரும் அப்பிடித்தான் போட்ட."

றிப்தா மடிக்கணினியைத் திறந்தாள். அகலமான அரைத்தாள் பிரிண்டருக்குள் நீளவாக்கில் போவதால் மென்பொருள் பக்கத்தைக் கால்வட்டம் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது பிரிண்டர்களின் முறை. பழைய பதிப்பு இடப்பக்கம் திருப்பியது. அது பிழை. எழுதியவர்கள் ஏதோ ஒரு பதிப்பில் அதைத் திருத்தியிருந்தார்கள். ஓட்டை இருந்த வரிகளும் திருப்பும் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடந்ததால் றிப்தா அந்தப் பகுதியை முழுதாக வெட்டியெடுத்துப் பொருத்தியிருந்தாள். ஓட்டையோடு அந்தப் பிழையும் திருந்திப் போனது. கவுண்டர்களிலோ பிழைக்கு ஏற்றபடி தாளைத் திருப்பி வைத்து வருடக்கணக்காகிவிட்டது.

கட்டுகஸ்தோட்டைக்கு அழைத்தாள்.

"சுகிர்தா, நேத்து அந்த ஒண்டு தலைகீழா வந்த பொறகு, தாளத் திருப்பி வெச்சீங்களா?"

"ஆமா மிஸ்."

"காலையில கேட்டப்ப ஒண்டும் செய்யல்லண்டு சொன்னீங்களே?"

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் செய்யலேன்னு சொன்னேன். பேப்பர திருப்புறதெல்லாம் ஒரு வேலையா மிஸ்? போன வாரமும் இப்பிடித்தான், ஒண்ணு தலகீழா வந்துச்சு, திருப்பி வெச்சேன், சரியாப்போச்சு. இதுக்கெல்லாம் சாருக்குக் கோல் எடுத்தா என்னைய ஏசுவாரு."

றிப்தா நிரஞ்சனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தாளில் பெயர் அச்சிட்டு வரும் விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டாள்.

"அது தெரியாதா மிஸ் உங்களுக்கு?" நிரஞ்சன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "லெட்டர்ஹெட் இல்லாம யாராச்சும் ரிப்போர்ட் குடுப்பாங்களா? சரி, இப்ப சிம்பிள்தானே. எல்லாக் கவுண்டருக்கும் சொல்லிடுறேன், பேப்பர திருப்பி வைங்கன்னு."

றிப்தாவும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தாள். "எப்ப திருப்பணும்?"

"அப்டேட் வந்தவுடனே."

"ஒவ்வொரு மெஷினுக்கும் அது ஒவ்வொரு நேரத்துக்குப் போகும். காலையில ஒருத்தர் திருப்பினா, பின்னேரம் வாற ஆள் பழக்கத்துல பழையபடி போடுவார். ஒரே ஒரு ரிப்போர்ட் போனாப் போதும், உங்கட ஆக்கள் சிஸ்டத்த மாத்துவாங்க."

நிரஞ்சன் யோசித்தார். "அதுவும் சரிதான்."

நிரஞ்சனிடம் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. ஆய்வுகூடத்தின் கவுண்டர்களுக்காவது தொலைபேசியில் சொல்ல ஆளிருக்கிறது. அதே மென்பொருளை உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பாவிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தலைப்பு அச்சிட்ட தாளை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டாலும் அவர்களுக்கே தெரியாது. நிஸாமுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

கெலிஓயாக் கணினியில் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, கவுண்டரின் மூலையில், நோயாளிகள் உட்காரும் கதிரையில் இருந்தபடியே திலீபனுக்கு அழைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்ட. புது அடைப்புல திருப்புற பக்கம் சரியாகிப் போச்சு. அத நான் திரும்பப் பிழயாக்கப் போற. ஓட்டை அடைபட்டிருக்கும், பக்கம் மட்டும் பழையபடி இடப்பக்கம் திரும்பும்."

"பொறுங்கோ. திருத்தி வந்த பிழையை நீங்கள் கையால எழுதிப் போடப் போறியளோ?"

"ஓ. ஒண்டும் மாறாதெண்டுதானே நாங்க அவங்களுக்குச் சொல்லியீக்கிற."

"பிழையும் மாறாதெண்டு சொன்னனாங்களோ?"

"எது பிழையெண்டு பிரிச்சிச் சொல்லல்லையே," என்றாள் றிப்தா.

திலீபன் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று அவளால் கண்டுகொள்ள முடியவில்லை. "சரி, எழுதுங்கோ," என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் அந்தப் பின்னலைப் பிரிப்பதிலேயே போனது. சரியாக இருந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் பிழையான வரியைத் தட்டச்சு செய்தபோது அவளுடைய விரல்கள் ஒருமுறை தாமாகவே சரியானதை அடித்துவிட்டன. அழித்துவிட்டு மீண்டும் பிழையாக அடித்தாள். நிரஞ்சனிடம் கேட்டு வாங்கி வந்த தலைப்புத் தாள்களைப் பெயர் இடப்பக்கம் இருக்கும்படி தட்டில் வைத்து அச்சிட்டாள். எல்லாம் நேராக வந்தன. கீழே போகும்போது மேசையில் கிடந்த ஒன்றை அஸ்ஃபர் எடுத்துப் பார்த்தான்.

"சரியாயிட்டா?"

"பிழயாக்கிட்ட."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் அடைப்பு வெளியானது. பகல் முழுவதும் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கெலிஓயாவிலிருந்து ஒன்றும் வரவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் வரவில்லை. எந்தக் கவுண்டரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னேரம் திலீபன் எழுதியிருந்தார். ஆய்வுகூடம் மாறப்போவதில்லையாம். டெஸ்க்டாப் பிரிவு இருக்கும், அடுத்த வருடம் மீண்டும் பார்ப்பார்களாம். றிப்தா அதை இரண்டுமுறை வாசித்தாள். மகள்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கொழும்பு விஷயமே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து நிரஞ்சன் அழைத்தார்.

"மிஸ், அக்குறணைல புதுக் கவுண்டர் திறக்கிறோம். புதுப் பிரிண்டர், புதுப் புள்ளைங்க. பிரிண்டரோட வந்த படத்துல தலைப்பு வலப்பக்கம் இருக்கணும்னு போட்டிருக்கு. அந்தப் புள்ள படத்தப் பாத்து அப்பிடியே வெச்சிருக்கு. சரிதானே?"

"இல்ல. இடப்பக்கம் வெக்கச் சொல்லுங்க."

"படத்துல வலப்பக்கம்னு தெளிவா இருக்கே மிஸ். ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

றிப்தா சொல்லத் தொடங்கினாள். பழைய பதிப்பு, புதிய பதிப்பு, ஓட்டை, திருப்பும் வரி என்று தொடர்ந்தால், அந்தப் பிள்ளை எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தும் என்று யோசித்துப் பார்த்தாள்.

"அப்பிடித்தான் போடுறண்டு செல்லுங்க," என்றாள்.